கல்லாவை எண்ணுகிறோம், உடம்பை?



"இரத்தக் கொதிப்பு கிழவர்களுக்கு வருவது. எனக்கு அப்படி என்ன வயசாகி விட்டது?" என்று கேட்கும் இளைஞர்களே! 2020ல் தமிழக அரசு 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களிடம் ஆய்வு நடத்தியது. மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு! அவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் தான்.

காரணம் என்ன? பெரும்பாலோருக்கு இந்த நோய் எந்த வலியும் தருவதில்லை. பல வருடம் சத்தமில்லாமல் இருந்து, ஒரு நாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படுகிறது.

2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. வீடு தேடி வந்து பார்க்கும் நல்ல திட்டம். ஆனால் பகலில் வீட்டில் இருப்பது யார்? நசரத்பேட்டையில் பெங்களூர் நெடுஞ்சாலையோரம் கடை வைத்திருப்பவரும், லாரியில் சரக்கு ஏற்றும் இளைஞரும் வீட்டிலா இருக்கிறார்கள்? மத்திய அரசின் பரிசோதனையோ 30 வயதிலிருந்து தான் தொடங்குகிறது. 25 வயதுக்காரனை யார் பார்ப்பது?

நாம் தான் பார்க்க வேண்டும்! வியாபாரிகளே, கடைத் தெருவுக்கு ஒரு கருவி வாங்கி வையுங்கள். டீ, சிகரெட் முடித்து அரை மணி நேரம் போகட்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் பதற வேண்டாம். வேறொரு நாளும் பாருங்கள். அப்போதும் இறங்கவில்லையா? பூந்தமல்லி அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மாத்திரை இலவசம்.

கல்லாவை இரவு தோறும் எண்ணுகிறோம். அதை நம்பியிருக்கும் குடும்பத்துக்காக உடம்பையும் பார்க்கக் கூடாதா? சிந்தியுங்கள்!