கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளையாகவே இருக்கட்டும்!



நம் வீடுகளில் பழைய கறுப்பு வெள்ளை போட்டோ ஒன்றாவது இருக்கும். சட்டம் போட்டு, பொட்டு வைத்து மாட்டியிருப்பார்கள். அது செல்லரித்துப் போவதற்குள் கடையில் கொடுத்துக் காப்பி எடுக்கிறோம். ஆனால் கைக்கு வருவது நிஜமாகவே கறுப்பு வெள்ளையா என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

எங்க ஆயாகிட்ட தாத்தாவோட போட்டோ ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அதை ஒரு கடையில் காப்பி எடுத்தோம். தாத்தாவோட நரைச்ச முடி, பாசி பிடிச்ச மாதிரி பச்சையா வந்தது. "கலர் பிரிண்டர்ல இப்படித்தாம்மா வரும்" என்றார் கடைக்கார அண்ணன். ஆயா ஒண்ணும் சொல்லல. ஆனா அந்தக் காப்பியை மாட்டவும் இல்ல.

ஏன் இப்படி வருகிறது? கலர் இங்க்ஜெட் பிரிண்டர் பல சமயம் சாம்பல் நிறத்தைக் கறுப்பு மையால் மட்டும் போடுவதில்லை. நீலம், ரோஸ், மஞ்சள் மூன்றையும் கலந்து போடுகிறது. மூன்றும் சரியாக இருந்தால் சாம்பல். ரோஸ் குறைந்தால் பச்சை. நீலம் குறைந்தால் சிவப்பு. கலர் படத்தில் இந்தச் சின்ன வித்தியாசம் தெரியாது. கறுப்பு வெள்ளையில் உடனே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் காலத்து ஸ்டுடியோவில் இந்தத் தொல்லை இல்லை. அப்போது தாளில் பூசியிருந்தது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டு, மருந்தில் கழுவினால் அது கறுப்பாகும். கலர் மைக்கு அங்கே வேலையே கிடையாது. நம் ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசு நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் பிலிமும் போட்டோ தாளும் தயாரித்தது. இப்போது அது மூடப்பட்டுவிட்டது. அதனால் நமக்குக் கலர் பிரிண்டர்தான் கதி.

2005-ல் எப்சன் நிறுவனம் ஒரு கறுப்பு, இரண்டு சாம்பல் என்று மூன்று மைகள் வைத்த போட்டோ பிரிண்டரைக் கொண்டு வந்தது. அது எல்லாக் கடையிலும் இருக்காது. அதற்காக விட்டுவிட வேண்டுமா? சாதா பிரிண்டரிலேயே நாம் மூன்று விஷயம் கேட்கலாம்.

1. "நாசில் செக் போட்டுப் பாருங்க." கோடு விட்டு விட்டு வந்தால் ஏதோ ஒரு மை அடைத்திருக்கிறது.

2. "இந்தத் தாளுக்கு ஏத்த செட்டிங்தானா?" செட்டிங் மாறினால் மையின் அளவும் மாறும்.

3. "கிரேஸ்கேல் வச்சு, கறுப்பு மை மட்டும் போட முடியுமா?" வெளிர் இடங்கள் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியலாம். ஆனால் பச்சை வராது.

முதலில் சின்னதாக ஒன்று போடச் சொல்லி, மை காய்ந்ததும் வெளியே வெயிலில் வைத்துப் பாருங்கள். டியூப்லைட்டில் நன்றாகத் தெரிவது வெயிலில் நிறம் மாறித் தெரியலாம்.

"லேசா பழுப்பா இருந்தா அழகுதானே?" என்று சிலர் கேட்பார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-ல் எடுத்த மதுரை, தஞ்சாவூர் கோயில் படங்கள் பழுப்பாகத்தான் இருக்கும். அந்தக் காலத்துப் போட்டோ தாள் அப்படி. அசல் பழுப்பு என்றால் காப்பியும் பழுப்பாக இருக்கட்டும். அசல் சாம்பல் என்றால் சாம்பலாக இருக்கட்டும். நடுவில் பிரிண்டர் தன் இஷ்டத்துக்கு நிறம் பூச, அது யார்?

நம்ம பக்கத்து உப்பளத்துல குவிச்சு வச்ச உப்பு பச்சையா இருந்தா வாங்குவோமா? பத்து ரூபாய் உப்பைப் பார்த்து வாங்குற நாம, இனிமே எடுக்கவே முடியாத போட்டோவைப் பார்க்காம வாங்கலாமா?

கேட்போம்! பார்த்து வாங்குவோம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி, செய்யூர்