கை வைத்தலும் கஷாயமும்

ஆற்றல் சிகிச்சையையும் மூலிகையையும் அன்றாடப் பழக்கமாகச் சேர்த்துக்கொள்பவர்கள் இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான சோதனையில், திரைக்கு அப்பால் நீட்டிய தம் கைகளில் எதற்கு மேல் இன்னொரு கை இருக்கிறது என்று தெரபியூட்டிக் டச் என்ற ஆற்றல் சிகிச்சையைச் செய்யும், கைகளால் ஆற்றலை உணர்வதாகக் கூறும் 21 பேர் சொல்ல வேண்டியிருந்தது. 280 முயற்சிகளில் சரியானவை 44 சதவீதம்தான், வெறும் ஊகத்துக்கே பாதி தேறும். அப்படியென்றால் கிடைக்கும் நிம்மதி பொய்யா? இல்லை. அமைதியாகப் படுத்து ஒருவரின் முழுக் கவனத்தைப் பெற்றால் மனம் இளகத்தான் செய்யும். அதற்கு ஆற்றல் என்ற விளக்கம் வேண்டியதில்லை. மூலிகையோ உடலுக்குள் வேலை செய்யும் வேதிப்பொருள். இருமலுக்கு நாம் தயங்காமல் மெல்லும் அதிமதுரம்கூட, நாள்கணக்கில் அளவு மீறினால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். ‘இயற்கைதானே’ என்பவர்கள் கை வைத்தலின் தீங்கின்மையைக் கஷாயத்துக்கும் பொருத்திவிடுவதே என் அச்சம். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் தினமும் குடிக்கும் கஷாயத்தையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும்.