அன்பியத்துல ஜெபம் பண்றீங்க, சரி. "இந்த வாரம் குடிச்சீங்களா?"ன்னு கேக்குறீங்களா?

1/ மக்களே, துறையூர் சுத்துவட்டாரத்துல சர்ச்சுக்குப் போறவங்களுக்காக இந்த இழை. மத்தவங்களும் படிக்கலாம், விஷயம் எல்லாருக்கும் பொதுதான்.

கத்தோலிக்கப் பங்குகள்ல "அன்பியம்", மத்த சபைகள்ல வீட்டு ஜெபக்குழு. கூடுறாங்க, பைபிள் வாசிக்கிறாங்க, ஜெபிக்கிறாங்க, டீ குடிச்சுட்டுக் கலையறாங்க. நல்லதுதான். ஆனா குடிநோய் விஷயத்துல இந்தக் குழுக்களோட பலத்துல பாதிகூடப் பயன்படலைங்கிறது என் கருத்து.

2/ கொஞ்சம் வரலாறு. 1742, இங்கிலாந்தின் பிரிஸ்டல். ஜெபக்கூடக் கடனை அடைக்க, ஜான் வெஸ்லியோட சங்கத்துல சுமார் 12 பேருக்கு ஒரு தலைவர், ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூல்னு முடிவாச்சு. வீடு வீடா போனப்பதான் யார் குடிக்கிறாங்க, எங்கே சண்டைன்னு தெரிஞ்சது. வசூல் குழு, நலம் விசாரிக்கிற குழுவா மாறிடுச்சு.

நம்ம மகளிர் சுய உதவிக்குழுவும் இதே சூத்திரம்தான். கடனை ஒழுங்கா கட்ட வைக்கிறது பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அக்கா.

3/ 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்துல பில் வில்சனும் டாக்டர் பாப்பும் ஆரம்பிச்சதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். டாக்டர் பாப் ஒரு சர்ஜன், அவரே குடிநோயாளி. ரெண்டு பேரும் ஆக்ஸ்போர்டு குழுங்கிற கிறிஸ்தவச் சிறுகுழு வழியா வந்தவங்க. இன்னைக்கு அந்த அமைப்பு எந்த மதத்தையும் சேராதது.

4/ ஆஸ்பத்திரியில நாங்க சில நாள் படுக்கை தருவோம், மருந்து தருவோம். டிஸ்சார்ஜ் ஆன பிறகு வர்ற முதல் சனிக்கிழமை சாயங்காலம், கையில கூலிப் பணத்தோட அவர் டாஸ்மாக்கைத் தாண்டி வீட்டுக்குப் போகணும். அப்ப போன் பண்ணி "அண்ணே, எங்க இருக்கீங்க?"ன்னு கேக்க ஒரு ஆள் வேணும். அது டாக்டரால முடியாது, உங்களால முடியும்.

5/ இப்ப முக்கியமான எச்சரிக்கை ⚠️

தினமும் நிறைய குடிக்கிறவரை "இன்னைக்கே விட்டுடு, ஜெபம் போதும்"னு வீட்டுல உட்கார வைக்காதீங்க. திடீர்னு நிறுத்தினா முதல் நாளே கைநடுக்கம், வியர்வை வரலாம். முதல் 2 நாளுக்குள்ள வலிப்பு வரலாம். 2, 3 நாள்ல ஆள் தெரியாம உளறலாம். அது பேய் இல்லை. உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108.

குடியை விடணும்னு முடிவெடுத்தா, நிறுத்துறதுக்கு முன்னாடியே ஜி.ஹெச்சுக்குக் கூட்டிட்டு வாங்க.

6/ குழுவுக்கு மூணு விதி:

✅ உள்ளே பேசினது வெளியே போகக்கூடாது, ஜெபக்குறிப்புங்கிற பேர்லயும்.
✅ மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.
✅ அடி வாங்குற மனைவிகிட்ட "பொறுத்துக்கோ"ன்னு சொல்லாதீங்க. 181 நம்பரைக் கொடுங்க.

தப்பு பண்ணவரை எல்லார் முன்னாடியும் நிறுத்தி அவமானப்படுத்தினா, அடுத்த வாரம் அவர் வரமாட்டார். குடிச்சுட்டேன்னு ஒத்துக்கிட்டவருக்குத்தான் அந்த நாற்காலி முதல்ல வேணும்.

7/ அடுத்த கூட்டத்துல ஜெபம் முடிஞ்சதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "இந்த வாரம் எப்படிப் போச்சு?"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் காத்திருங்க.

மனசு விட்டுப் பேச ஆள் இல்லாதவங்களுக்கு டெலி மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு.