வட்டு இணைந்ததா? ஒரு முறை கேளுங்கள்!

மாணவர்களே, விரலியைக் கணினியில் செருகியதும் என்ன நடக்கிறது? திரையில் ஒரு சின்னம் தோன்றுகிறது. அதைச் சொடுக்கினால் கோப்புகள் திறக்கின்றன. இடையில் நடந்த வேலை நம் கண்ணில் படுவதில்லை. அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனாலும் அந்த வேலையை ஒரு முறையாவது உங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும் என்பேன். காரணம் இருக்கிறது.

எங்கள் அறிவியல் கழகத்தில் படிவம் 4 மாணவர் ஒருவர், பள்ளித் தோட்டத்தின் வெப்பநிலையை நிமிடத்திற்கு ஒரு முறை பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். ராஸ்பெர்ரி பை என்ற சிறிய கணினி, ஓர் உணர்கருவி, பதிவுகளைச் சேமிக்க ஒரு வெளிவட்டு. அவ்வளவுதான். ஒரு நாள் மாலை இடியுடன் மழை பெய்து மின்சாரம் தடைபட்டது. மின்சாரம் வந்ததும் கருவி தானாக இயங்கத் தொடங்கியது. விளக்கும் மின்னியது. எல்லாம் சரி என்றே இருந்துவிட்டோம்.

16 நாள் கழித்துப் பார்த்தபோது வெளிவட்டின் கம்பி தளர்ந்திருந்தது. அதைச் சரியாகச் செருகிக் கணினியை மீண்டும் தொடக்கினோம். கோப்புறையில் மழை நாள் வரையிலான பதிவுகள் மட்டுமே இருந்தன. அதன் பிறகு எடுத்த 23,000க்கும் மேற்பட்ட அளவீடுகளைக் காணோம். கண்காட்சிக்கு நான்கு நாளே இருந்தது. மாணவரின் முகம் வாடிப் போனது.

அந்த அளவீடுகள் எங்கே போயின? இதைப் புரிந்துகொள்ள யூனிக்ஸ் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் ‘டி’, ‘இ’ என்று ஓர் எழுத்து கிடைக்கும். யூனிக்ஸிலும் அதன் வழியைப் பின்பற்றும் லினக்ஸிலும் அப்படி இல்லை. எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் இருக்கும். புதிய வட்டு வந்தால், மரத்தில் உள்ள ஒரு கோப்புறையின் மேல் அதை ஒட்ட வேண்டும். இதற்குத்தான் ‘மவுண்ட்’ என்று பெயர். டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்சனும் 1974இல் வெளியிட்ட யூனிக்ஸ் கட்டுரையிலேயே இந்த முறை விளக்கப்பட்டிருக்கிறது.

முன்பு இதைக் கட்டளை கொடுத்துத்தான் செய்ய வேண்டும். இன்று லினக்ஸில் ‘எஃப்எஸ்டேப்’ என்ற கோப்பில் ஒரு வரி எழுதி வைத்தால் போதும். எந்த வட்டு, எந்தக் கோப்புறை, என்ன வகை, என்ன விதிகள் என்று அந்த வரி சொல்லும். கணினி தொடங்கும்போது வட்டு தானாக ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் மாணவரும் அந்த வரியை எழுதியிருந்தார். இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்தது. அதில் ‘நோஃபெயில்’ என்று ஒரு சொல் இருந்தது. வட்டு கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, கணினி தொடர்ந்து இயங்கட்டும் என்பது அதன் பொருள். அந்தச் சொல் இல்லாதிருந்தால், இன்றைய பெரும்பாலான லினக்ஸ் கணினிகள் வழக்கமாக 90 விநாடி காத்திருந்து, பிறகு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். கருவி நின்றதை மறுநாளே கவனித்திருப்போம்.

வட்டு ஒட்டாதபோது கோப்புறை மட்டும் வெறுமையாக இருந்தது. நிரல் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அந்தக் கோப்புறையிலேயே எழுதிக்கொண்டே போனது. அதாவது, எல்லாம் கணினியின் எஸ்டி அட்டையில் சேர்ந்தது. நாங்கள் வட்டை மீண்டும் இணைத்ததும் அது கோப்புறையின் மேல் வந்து அமர்ந்து, அடியில் இருந்ததை மறைத்துவிட்டது. மேசை மேல் கிடக்கும் தாள்களை ஒரு விரிப்பு மறைப்பது போல!

வட்டைப் பிரித்தெடுக்கும் கட்டளையைக் கொடுத்தோம். 16 நாள் பதிவுகளும் அப்படியே இருந்தன. மாணவரின் உயிர் திரும்பி வந்தது.

“தானியங்கி முறை இருப்பதே நாம் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்பதற்காகத்தானே, சார்?” என்று இன்னொரு மாணவர் கேட்டார். நியாயமான கேள்வி. படம் பார்க்கவும் பாடல் கேட்கவும் அது போதும். ஆனால் அறிவியலில் தரவுதான் சான்று. அது எங்கே எழுதப்படுகிறது என்று தெரியாதவர், தம் சோதனையைத் தாமே சரிபார்க்க முடியாது. ‘நோஃபெயில்’ தவறான சொல் அன்று. அதன் பொருள் தெரியாமல் பயன்படுத்தியதுதான் தவறு. அதைச் சொல்லிக் கொடுக்காமல் விட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

இப்போது எங்கள் கழகத்தில் மூன்று பழக்கங்களை வைத்திருக்கிறோம். முதலாவது, புதிய வட்டை முதல் முறை கையால்தான் இணைக்க வேண்டும். தானாக இணைவதற்கான வரியை அதன் பிறகே எழுதலாம். இரண்டாவது, எழுதத் தொடங்குமுன் வட்டு இணைந்திருக்கிறதா என்று நிரல் சோதிக்க வேண்டும். லினக்ஸில் இதற்கு ‘மவுண்ட்பாயிண்ட்’ என்ற கட்டளை இருக்கிறது. இணையவில்லை என்றால் நிரல் நின்று, சிவப்பு விளக்கை எரிய விட வேண்டும். மூன்றாவது, பிரிக்கும் கட்டளையைக் கொடுக்காமல் வட்டைப் பிடுங்கக் கூடாது. நீங்கள் சேமித்த தரவை லினக்ஸ் முதலில் நினைவகத்தில்தான் வைக்கும். வட்டுக்குப் போய்ச் சேர அரை நிமிடம்கூட ஆகலாம்.

தானாக நடக்கும் வேலை கெட்டுப் போனால், அதைத் தானாகவே நமக்குச் சொல்லவும் வேண்டும். சத்தமில்லாமல் தொடர்ந்து இயங்கும் கருவியைவிட, தவறு நடந்ததும் நின்றுவிடும் கருவியே அறிவியலுக்கு நல்லது.

பள்ளியிலோ வீட்டிலோ லினக்ஸ் கணினி இருந்தால், முனையத்தைத் திறந்து ‘findmnt’ என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். எந்த வட்டு எந்தக் கிளையில் ஒட்டியிருக்கிறது என்பது மரம் போல் விரியும். உங்கள் வீட்டுப் பாடம் எந்தக் கிளையில் இருக்கிறது என்று தேடிப் பாருங்களேன்!