தராசு பிசகினால் தராசையே எறிவதா?



1801இல் ஹவாயில் வடிந்த எரிமலைக் குழம்புக்கு ஆய்வுகூடம் 16 இலட்சம் வருட வயது காட்டியது. ஆகவே பாறைகளின் வயதெல்லாம் பொய் என்று நம்மவர் சிலர் வாதிடுகிறார்கள். முதற்பாதி உண்மை. மறுபாதியைப் பிள்ளைகளுக்கு நாம் விளக்க வேண்டும்.

பாறையிலுள்ள பொற்றாசியம்-40 மெல்ல மெல்லச் சிதைந்து, அதில் ஒரு பகுதி ஆகன் வாயுவாகிறது. பாதி சிதைய 125 கோடி வருடம். குழம்பு இறுகும்போது பழைய ஆகன் சிறிது உள்ளே சிக்கினால் வயது கூடும். பின்னர் பாறை சூடாகி ஆகன் கசிந்தால் குறையும்.

வெறுந்தட்டிலேயே 50 கிராம் காட்டும் தராசில் புத்தளத்து உப்பு மூடை நிறுத்தால் பெரிய பிசகில்லை. ஒரு கிராம் தங்கம் நிறுத்தால்? இளம் பாறைக்கு நடப்பது அதுதான்.

அந்த ஹவாய்ப் பிழையை 1969இல் எழுதியவரே டல்ரிம்பிள் என்ற புவியியலாளர். அவர் பார்த்த குழம்புகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பிழை இல்லை. கி.பி. 79இல் வெடித்த வெசூவியஸின் கல்லை 1997இல் திருத்திய முறையால் அளந்தார்கள்: 1925 வருடம், 94 கூடக்குறைய. உண்மை 1918.

பலவீனமான அறிவிப்பாளர் ஒருவர் அகப்பட்டதற்காக நம் உலமாக்கள் எல்லா ஹதீஸையும் ஒதுக்கவில்லை, ஒவ்வொன்றாகச் சலித்தார்கள். பாறைக்கும் அதே நீதியைக் கொடுப்போம். பாதிச் செய்தியால் ஈமானைக் காக்க முடியாது.