மணிக்கட்டுக்கு யார் சர்வீஸ் செய்வது?

புணே அருகேயுள்ள சாகண் பஜாஜ் ஆலையிலிருந்து வரும் கேடிஎம் ஆர்சி 390-க்கு 2022-இல் 13.7 லிட்டர் டேங்க் வைத்தார்கள். 2014-இல் வந்த முதல் வண்டியில் சுமார் பத்து லிட்டர்தான். பந்தயத் தடத்தில் சுற்றுகிறவருக்கு அந்தக் கூடுதல் பெட்ரோல் எதற்கு? வெளியூர் போகிறவருக்குத்தான் அது உதவும். ஆகவே ‘ஸ்போர்ட்ஸ் பைக்கில் லாங் ரைடா?’ என்ற கேலியை ஒதுக்கிவிடலாம். ஆனால் முதல் பயணத்துக்குக் கிளம்புகிறவர்கள் டேங்க் பேக்கும் கேமராவும் வாங்குவதையே தயாரிப்பு என்று நினைக்கிறார்களே, அதுதான் இடிக்கிறது. குனிந்து ஓட்டும் வண்டியில் உடல் எடை மணிக்கட்டில் இறங்கும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்று நெஞ்சைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். ஊர்ந்து போகும்போது அந்த உதவியும் இல்லை. எனவே, சாகணின் தளேகாவ் சவுக்கில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கிளட்சைப் பிடித்துப் பிடித்து விடும் அரை மணி நேரம், நாசிக் சாலையில் நூறு கிலோமீட்டர் பறப்பதைவிடக் கடுமையான ஒத்திகை. உடம்பு போகப் போகப் பழகிவிடும் என்பார்கள். பழகும்தான், முழங்காலால் டேங்க்கை இறுக்கி, வயிற்றையும் முதுகையும் கொண்டு உடம்பைத் தாங்கக் கற்றுக்கொண்டால். அது வாரக்கணக்கில் வருவது, புறப்பட்ட அன்று மதியத்துக்குள் வருவதல்ல. வழியையும் அப்படித்தான் முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும்: மும்பை–புணே எக்ஸ்பிரஸ்வேயில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. லோனாவ்ளா வழியாகப் போகும் பழைய சாலைதான் கதி. அங்கே நெரிசலுக்குப் பஞ்சமில்லை, மணிக்கட்டுக்கு ஓய்வுமில்லை.