கைதட்டினர், கதவடைத்தனர்!

பாட்டுக்கு வேலி இல்லை என்கிறார்கள். கலை வெள்ளம் பெருகினால் இனமெனும் கரை உடையும், நிறமெனும் மேடு கரையும், பகைவர் நெஞ்சிலும் பரிவு சுரக்கும். ஆகவே உரிமை என்றும் கிளர்ச்சி என்றும் கூவாதீர், பாடுங்கள், பொறுத்திருங்கள், எல்லாம் தாமே சரியாகிவிடும் என்று உபதேசிக்கும் உத்தமர்கள் எந்நாட்டிலும் உண்டு.

அந்த உத்தமர்களை நாம் அமெரிக்காவின் தென்பகுதிக்கு, டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். அங்கே ஃபிஸ்க் பல்கலைக்கழகத்திலே, அக்டோபர் 6 ஆண்டுதோறும் கொண்டாடப்படும் நாள். ஜூபிலி பாடகர் குழு எனும் மாணவர் குழுவின் திருநாள் அது. அடுத்து வரும் அக்டோபரிலும் இளங்குரல்கள் எழும். பக்க வாத்தியம் ஏதுமின்றிப் பழம்பாடல்கள் ஒலிக்கும். கேட்போர் கண் கலங்குவர், கைதட்டுவர். தட்டட்டும்! ஆனால், அந்தக் கைதட்டலின் கதையைத் தெரிந்துகொண்டு தட்டட்டும் என்கிறோம் நாம்.

1866 சனவரியிலே பிறந்தது அந்தக் கல்விக்கூடம். உள்நாட்டுப் போர் ஓய்ந்து ஓராண்டும் ஆகவில்லை. படையினரின் மருத்துவமனையாக இருந்த மரக்கொட்டகைகளே வகுப்பறைகள். அடிமைச் சந்தையிலே மனிதரைப் பூட்டிய துருவேறிய விலங்குகளைப் பழைய இரும்பாக விற்று, அந்தக் காசிலே எழுத்துப் புத்தகம் வாங்கினர் என்கிறது கல்லூரி வரலாறு. விலங்கு எழுத்தாயிற்று! ஆயினும் ஐந்தே ஆண்டுகளில் கொட்டகை இற்றது, கடன் ஏறிற்று, மூடிவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

அப்போதுதான், பொருளாளரும் இசையாசிரியருமான ஜார்ஜ் ஒயிட் எனும் வெள்ளையர், மாணவ மாணவியர் ஒன்பதின்மரை அழைத்துக்கொண்டு, 1871 அக்டோபர் 6 அன்று நிதி திரட்டப் புறப்பட்டார். ஒன்பதின்மரில் பெரும்பாலோர் அடிமைகளாய்ப் பிறந்தவர். அவருள் ஒருவர் எலா ஷெப்பர்ட். தந்தை விலை கொடுத்து வாங்கியதால் விடுதலை பெற்றவர். ஆம், பெற்ற மகளைத் தந்தை விலைக்கு வாங்க வேண்டியிருந்த நாடு அது! சின்சினாட்டி நகரிலே இவர் இசை கற்க விழைந்தபோது, வெள்ளை ஆசிரியை ஒருவர் இசைந்தார், நிபந்தனையோடு! பின்வாசல் வழியே வரவேண்டும், இரவிலே வரவேண்டும், யாரிடம் கற்கிறாய் எனக் கேட்டால் சொல்லக்கூடாது. ஏகலைவன் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இது புரியாததா? அவனிடம் கட்டைவிரல் கேட்டார்கள். இவரிடம் வாய்ப்பூட்டுக் கேட்டார்கள்.

குளிர் தாங்கும் உடையும் போதாத அந்த ஏழை மாணவர்கள், பயணத் தொடக்கத்தில் கிடைத்த, ஐம்பது டாலரும் தேறாத வசூலை என்ன செய்தார்கள்? அந்நாளில் தீக்கிரையான சிகாகோ நகர மக்களுக்கு அப்படியே அளித்துவிட்டார்கள். ஈகை செல்வரின் தனிச்சொத்து என்போர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

முதலில் அவர்கள் மேடையிலே பாடியவை பெரும்பாலும் வெள்ளையர் விரும்பும் பாடல்கள். பருத்திக் காட்டிலே பாட்டன்மார் பாடிய பாடல்களை ஊரறியப் பாட அவர்கள் உள்ளம் கூசிற்று. அடிமை வாழ்வின் புண்ணன்றோ அது! பின்னர் அவற்றையே துணிந்து பாடினர், மன்றங்கள் உருகின. அப்பாடல்களிலே ஆண்டவனும் வேதமும் நிரம்பக் கிடக்கின்றனவே, பகுத்தறிவாளர் போற்றலாமா என்று தோழர்கள் கேட்கக்கூடும். அடிமையின் முதலாளியும் அதே வேதத்தைத்தான் ஓதினான், அடிமைத்தனத்துக்கு ஆதாரம் காட்டுவதற்காக! அடிமையோ அதே வேதத்துச் சொல்லில் விடுதலையை ஒளித்து வைத்தான். கானான் நாடு என்று பாடியபோது தாங்கள் எண்ணியது வடபுலத்தையே என்று, தப்பி வந்த அடிமையான பிரெடரிக் டக்ளஸ் எழுதி வைத்திருக்கிறார். ஜூபிலி எனும் பெயரே, ஐம்பதாண்டுக்கு ஒருமுறை அடிமைகளை விடுவிக்கச் சொன்ன யூதரின் பழைய ஏற்பாட்டைக் குறிப்பது. சொல் வேதத்தினுடையது, பொருள் விடுதலையினுடையது.

இனி, உருகிய நெஞ்சங்களின் யோக்கியதையைப் பாருங்கள். முகத்திலே கரி பூசிக்கொண்டு, கருப்பரைக் கோமாளிகளாக்கி ஆடிப்பாடும் வெள்ளைக் கூத்தாடிகள் அந்நாளில் ஊரெங்கும் உலவினர். அத்தகைய கூத்துக் குழு என்றெண்ணி அறை தர ஒப்பிய விடுதிக்காரன் ஒருவன், வந்தவர்கள் மெய்யாகவே கருப்பர் எனக் கண்டதும் வெளியே துரத்தினான். பூசிய கருப்புக்குப் பஞ்சணை. பிறந்த கருப்புக்குத் தெருவோரம்!

1872இல் குடியரசுத் தலைவர் கிராண்ட் கேட்டார். 1873இல் விக்டோரியா அரசியார் கேட்டார். முதற் பயணத்திலே இருபதினாயிரம் டாலர் சேர்ந்தது. ஐரோப்பியப் பயணத்தின் வருவாயைக் கொண்டு எழுப்பிய ஜூபிலி மண்டபம் 1876 சனவரி முதல் நாள் திறக்கப்பட்டது. 1878இல் அக்குழு கலைவதற்குள் திரட்டிய தொகை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டாலர். வெள்ளைச் சீமான்களின் கருணையால் எழுந்த கல்லூரி என்று இதனைக் கதைப்பவர் உண்டு. ஒயிட் போன்ற நல்லோரின் தொண்டை நாம் மறுக்கவில்லை. ஆனால், ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராய் அலைந்து, உடல் நலிந்து, தொண்டை வறளப் பாடி ஈட்டிய கூலிக்குப் பெயர் கருணையா?

பாட்டு கதவைத் திறந்ததா? விடுதியிலும் தொடர்வண்டியிலும் நிறவேற்றுமை கூடாதென்று 1875இல் சட்டம் செய்தார்கள். 1883இல் உச்சநீதிமன்றமே அதனைச் செல்லாததாக்கிற்று. 1960 பிப்ரவரியிலே, அதே நாஷ்வில் நகரில், அதே ஃபிஸ்க் கல்லூரி மாணவர்கள், பிற கல்லூரித் தோழர்களுடன், கடைகளின் சிற்றுண்டிப் பகுதியில் வெள்ளையருக்கென ஒதுக்கிய இருக்கைகளிலே அமர்ந்தனர். அடிபட்டனர், சிறை சென்றனர். மே மாதத்தில்தான் அந்த இருக்கைகள் அவர்களுக்கும் உரியவையாயின. நாடு முழுமைக்குமான சட்டம் 1964இல் வந்தது. அரசியார் காது கொடுத்துக் கேட்ட குரலின் வழிவந்தோருக்கு, ஒரு கோப்பைக் காப்பி அமர்ந்து பருகும் உரிமை கிட்ட எண்பத்தேழு ஆண்டுகள் ஆயின!

பாடல் பயனற்றது என்கிறோமா? இல்லை. பாடல் பள்ளி கட்டிற்று. பள்ளி படிப்பைத் தந்தது. அப்பள்ளியில் 1888இல் பட்டம் பெற்ற டுபாய்ஸ் போன்றோர் உரிமைப் போரின் அறிவாசான்கள் ஆயினர். போரிட்டபோதுதான் கதவு திறந்தது. வரிசை இதுதான், இதை மாற்றிச் சொல்லி, பாடினாலே போதும் என்போர் பாடுவோரை ஏய்க்கிறார்கள்.

இன்று அக்குழுவுக்கு விருதுகள் குவிகின்றன. 2008இல் தேசியக் கலைப் பதக்கம், 2021இல் கிராமி விருது. மகிழ்கிறோம். ஆயினும், வரும் அக்டோபரிலே கைதட்டவிருக்கும் கனவான்களுக்கு நாம் வைப்பது ஒரே கேள்வி: பாட்டு முடிந்த பிறகு, பாடியவருக்கு உங்கள் முன்வாசல் திறந்திருக்குமா?